நடுத்தரக் காற்றாலைக்குச் சந்தை இருக்கிறதா? டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். 100 கிலோவாட்டிலிருந்து ஒரு மெகாவாட்டுக்குள் இருக்கும் நடுத்தர இயந்திரங்களைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் நிறையக் கேட்கிறார்கள். ஏஜென்டுகள் ஊர் ஊராக வந்து பேசுவதுதான் காரணம். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி விவசாயி: ஐயா, ஒரு வேலி நிலம் இருக்கிறது. 250 கிலோவாட் காற்றாலை வைத்தால் வருடத்துக்கு நாலரை லட்சம் யூனிட் வரும் என்கிறார் ஒருவர். கடன் வாங்கிப் போடலாமா?

வேண்டாம் அண்ணே. அவர் சொல்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 250 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் கிடைப்பதில் 20 சதவீதம் சுமார் 4,38,000 யூனிட். கணவாய்க் காற்று அடிக்கும் இடங்களில் அந்த 20 சதவீதத்தை நம்பலாம். மன்னார்குடியில் நம்ப முடியாது. காற்றின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். வேகத்தின் மும்மடியில் ஆற்றல் மாறுகிறது. வினாடிக்கு 7 மீட்டர் காற்றில் இருக்கும் ஆற்றலில் 5 மீட்டர் காற்றில் இருப்பது 36 சதவீதம்தான். நம்மூரில் அவர் சொன்னதில் பாதி வந்தாலே பெரிய விஷயம்.

அதே 250 கிலோவாட்டுக்கு சூரிய மின் தகடு போட்டால், கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,65,000 யூனிட். கியர்பாக்ஸ் கிடையாது, கிரேன் வர வேண்டாம், டவர் ஏற ஆள் தேட வேண்டாம். தகடு மலிவாகிப் போனதுதான் நடுத்தரக் காற்றாலையின் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. நம் களிமண்ணில் டவருக்கு அஸ்திவாரம் போடுவது மேட்டுநில வேலை மாதிரி இருக்காது. பைல், அதாவது ஆழத்தில் தூண் இறக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு ஏஜென்ட் கொடுத்த தாளில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தஞ்சாவூர், ஒரத்தநாடு: ஆடி மாதம் தென்னை மட்டையெல்லாம் பிய்ந்து விழுகிறதே, அந்தக் காற்று போதாதா?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் மீதி மாதங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரத்தின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைதான் கிடைக்கிறது. நல்ல இடங்களிலேயே அப்படி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கிழக்கே வர வர வீரியம் இழக்கிறது. அப்புறம் உங்கள் தென்னந்தோப்பே ஒரு தடை. மரத்தில் மோதிக் குழம்பி வரும் காற்று இறக்கையை ஆட்டுமே தவிர, சீராகச் சுற்ற விடாது. பேரிங் சீக்கிரம் போகும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். டவர் நிற்கப்போகும் உயரத்தில் கருவி வைத்து ஒரு வருடமாவது பதிவு எடுக்க வேண்டும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாட்டின் காற்று வரைபடத்தை வெளியிட்டிருக்கிறது. முதலில் அதில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அளக்காமலே யூனிட் கணக்குச் சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திருவாரூர், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, வெளிநாட்டில் நடுத்தரக் காற்றாலைகள் நன்றாக விற்றதாகப் படித்தேன். அந்தக் கம்பெனிகள் ஏன் மூடிவிட்டன? இனி எதிர்காலம் உண்டா?

நல்ல கேள்வி தம்பி. இந்தச் சந்தை பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்தான் நின்றது. பிரிட்டனில் சிறு உற்பத்தியாளர்களின் மின்சாரத்துக்கு உறுதியான விலை கொடுத்தார்கள். 500 கிலோவாட்டுக்கு மேல் போனால் அந்த விலை இறங்கும். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? 900 கிலோவாட் இயந்திரத்தை வாங்கி, 500 கிலோவாட்டுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டு நிறுத்தினார்கள். இயந்திரத்தின் அளவை நிர்ணயித்தது காற்றுகூட இல்லை, விலைப்பட்டியல்தான். அந்தத் திட்டம் 2019 மார்ச் 31-இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. கனடாவின் எண்டூரன்ஸ் நிறுவனம் 2016-இலேயே திவாலாகியிருந்தது. 100 கிலோவாட் இயந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் நார்தர்ன் பவர் 2019-இல் கடையைக் கட்டியது.

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கினோம். 1990-களில் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் முப்பந்தலில் வரிசைகட்டி நின்றன. வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு மின்சாரத்தைவிட வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகைதான் (இயந்திர விலையில் பெரும்பங்கை முதல் வருடமே செலவாகக் கழித்துக்கொள்வது) கவர்ச்சி என்பது என் கணிப்பு. அந்தச் சலுகை 2017 ஏப்ரலிலிருந்து 80 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கு நடந்த முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. அந்த விலையில் சின்ன இயந்திரத்தால் போட்டி போட முடியாது.

ஏன் முடியாது என்று கணக்காகவே பார். பழைய 225 கிலோவாட் இயந்திரத்தின் இறக்கை வட்டம் 27 மீட்டர் குறுக்களவு, சுற்றும் பரப்பு சுமார் 570 சதுர மீட்டர். இப்போது சுஸ்லான் விற்கும் 3 மெகாவாட் வகை இயந்திரத்தின் வட்டம் 144 மீட்டர், பரப்பு 16,000 சதுர மீட்டருக்கு மேல். மின்திறன் 14 மடங்கு, பரப்பு 28 மடங்கு. அதாவது ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் இரண்டு பங்கு காற்றைப் பிடிக்கிறது, அதுவும் 140 மீட்டர் உயரத்தில். மெல்லிய காற்றிலும் ஓடுவது அதனால்தான்.

இனி நடுத்தரத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. டீசலில் மின்சாரம் எடுக்கும் இடங்களில். அலாஸ்காவின் கோட்செபு மாதிரியான ஊர்களில் பெரிய கிரேன் போகாது, டீசல் கப்பலில் வர வேண்டும். அங்கே இந்த அளவு இயந்திரம் காசைத் திரும்பத் தரும். நமக்கு எதிர்க்கரையிலேயே ஒரு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியோடு திட்டமிட்ட மின்நிலையங்களில் மொத்தமாகக் காற்று 530 கிலோவாட், சூரியத் தகடு 1,700 கிலோவாட், அதோடு பேட்டரி. தீவில்கூட காற்று துணைக்குத்தான் வருகிறது என்பதைக் கவனி. அந்தத் துணை தேவைதான். மழைக்காலத்தில் வெயில் இருக்காது, காற்று இருக்கும்.

கும்பகோணம், அரிசி ஆலை: எங்களுக்கு உயரழுத்த இணைப்பு. கரண்ட் பில் கட்டி மாளவில்லை. ஆலைக்குள்ளேயே ஒரு நடுத்தரக் காற்றாலை வைக்கலாமா?

ஆலைக்குள் வேண்டாம். கூரையில் தகடு போடுங்கள். காற்றாலைதான் வேண்டும் என்றால் காற்று இருக்கிற இடத்தில் இருக்கும் இயந்திரத்தில் பங்கு வாங்குங்கள். உடுமலையிலோ தென்காசிப் பக்கமோ ஓடுகிற காற்றாலையின் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாக உங்கள் ஆலைக் கணக்கில் கழிக்கலாம். பல ஆலைக்காரர்கள் செய்வதுதான். 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கூடுதல் கட்டணம் தலையில் விழும்.

பழைய இயந்திரத்தில் பங்கு வாங்கினால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். கடைசி ஐந்து வருட உற்பத்தி அறிக்கை, மாதவாரியாக. கியர்பாக்ஸ் கடைசியாக எப்போது மாற்றியது. இயந்திரம் ஓடத் தொடங்கிய தேதி. தேதியில்தான் சூட்சுமம். காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டைச் சேமித்துவைத்து மார்கழி, தையில் எடுத்துக்கொள்ளும் வசதி, எந்த வருடம் தொடங்கிய இயந்திரம் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு நெல் வரத்து அதிகமாகி ஆலை ஓய்வில்லாமல் ஓடுவது சம்பா அறுவடைக்குப் பிறகு, காற்று இல்லாத மாதங்களில். சேமிப்பு வசதி இல்லாத இயந்திரம் உங்களுக்கு அரைப் பயன்தான்.

நாகப்பட்டினம்: முப்பந்தலில் கழற்றிய பழைய 225 கிலோவாட் இயந்திரம் மலிவாக வருகிறது. இங்கே நட்டு மின்வாரியத்துக்கு விற்கலாமா?

புதிதாக இணைப்பு வாங்க மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் மாடல் வேண்டும். கழற்றிய பழசுக்கு அந்த வழி அடைபட்டது. பழைய இயந்திரத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் உதிரிபாகத்துக்காகக் கொடுக்கிறார்கள்.

வேதாரண்யம், உப்பளம்: கடலோரத்தில் காற்று நன்றாக இருக்கிறதே. ஆனால் கஜா மாதிரி ஒன்று வந்தால்?

உங்கள் பக்கம் உள்மாவட்டத்தைவிடக் காற்று மேல்தான், மறுக்கவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறியபோது மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. மெல்லிய காற்றுக்கென்று செய்யும் இயந்திரங்களே மணிக்கு 190 கிலோமீட்டர் சூறையைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. எனவே காகிதத்தில் நிற்கும். ஆனால் புயலில் முதலில் போவது கரண்ட். கரண்ட் போனால் தலைப்பகுதி காற்றுக்கு நேராகத் திரும்பாது, பக்கவாட்டில் அடி வாங்கும். பிரான்சின் வெர்னே நிறுவனம் இதற்காகவே 275 கிலோவாட்டில் ஒன்று செய்தது. புயல் எச்சரிக்கை வந்தால் டவரோடு சாய்த்துத் தரையில் கட்டிவிடலாம். நம் கடற்கரைக்கு அப்படிப்பட்ட யோசனைதான் பொருந்தும்.

அதோடு, கோடியக்கரை சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. வலசை வரும் பூநாரைகளின் வழியில் இறக்கை சுற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். லாபம் வந்தாலும்.

பாபநாசம்: வேளாண் மண்டலச் சட்டம் காற்றாலையைத் தடுக்குமா?

டெல்டா விவசாய நிலத்தைப் பாதுகாக்க வந்த 2020 சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு எடுப்பதும் உருக்காலைகளும் உண்டு. காற்றாலை இல்லை. நஞ்சையை வேறு பயனுக்கு மாற்றும் அனுமதி தனி விஷயம்.

மயிலாடுதுறை: என் மகன் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறான். காற்றாலை வேலைக்கு அனுப்பலாமா? சின்ன இயந்திரங்கள் எல்லாம் போய்விடும் என்கிறார்களே.

அனுப்புங்கள் அம்மா. சந்தை இருப்பது இங்கேதான் என்று நான் நம்புகிறேன். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. மத்திய அரசு 2023-இலும், நம் மாநில அரசு 2024-இலும் பழைய காற்றாலைகளை மாற்றவும் ஆயுளை நீட்டிக்கவும் கொள்கை கொண்டுவந்தன. ஒரே இடத்தில் பல பேருக்குச் சொந்தமான சின்ன இயந்திரங்கள் நிற்பதால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பெரியது வைப்பது எளிதல்ல. ஆகவே பலர் ரிப்பேர் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். கன்ட்ரோல் பேனல் மாற்றுவது, இறக்கை விரிசல் ஒட்டுவது, கியர் எண்ணெய் சோதிப்பது என்று வேலை இருக்கும்.

ஒரே நிபந்தனை. உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் டவர் ஏறச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் சேர்க்காதீர்கள். இடுப்புப் பட்டை மட்டும் போதாது, உடம்பு முழுக்கப் பூட்டும் பட்டையும் விழுந்தால் பிடிக்கும் கம்பியும் இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே தம்பியை அதைக் கண்ணால் பார்த்து வரச் சொல்லுங்கள்.