கழிமுகத்தில் கொட்டிய மண்: வழக்கா, சமரசமா?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில் தாத்தா காலத்திலிருந்து பாடு முறையில், அதாவது யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, மீன்பிடித் தொழில் செய்கிறோம். சென்ற ஆண்டு பொங்கல் முடிந்ததும் குழாய் பதிக்க ஒரு நிறுவனம் ஆற்றுக்குள் மண் கொட்டிப் பாதை போட்டது. வேலை முடிந்தும் மண்ணை அள்ளவில்லை. இறால் வரத்து நின்றுவிட்டது. சாம்பல், சுடுதண்ணீர், எண்ணெய் என்று இருபது வருஷமாக ஆறு செத்துக்கொண்டிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ், மீன்வளத்துறை என்று மனு கொடுத்து அவமானப்பட்டதுதான் மிச்சம். ஆறு எங்களுடையது என்று 50 கோடி கேட்டு வழக்குப் போடலாமா? இப்போது கம்பெனி ஆள் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் தர வருகிறார். வாங்கலாமா?
– ஒரு மீனவர், எண்ணூர்

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். முதல் லாரி மண் ஆற்றில் விழுந்த தேதி. அதிகாரிகள் உங்களை நடத்திய விதம் தவறு. ஆனால் அதைக் கேட்டு எந்தத் தீர்ப்பாயமும் மண்ணை அள்ளச் சொல்லாது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் போக, பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். உங்களுக்கு அது முடிந்துவிட்டது. மனு கொடுத்துக் காத்திருந்த நாட்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். மிச்சமிருப்பது 15-ஆவது பிரிவு. இழப்பீட்டோடு, கெட்டுப்போன இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அதில் கேட்கலாம். கெடு ஐந்து வருஷம்.

இங்கேதான் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து வருஷம், பாதிப்பு முதன்முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. "இருபது வருஷமாக ஆறு சாகிறது" என்று மனுவில் நீங்களே எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் வாசிப்பார். அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்பார். சாம்பலுக்குப் பொறுப்பு ஒருவர், எண்ணெய்க்கு இன்னொருவர். எல்லாரையும் ஒரே மனுவில் இழுத்தால் ஆளுக்கு ஆள் கைகாட்டித் தப்பிப்பார்கள். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு உங்களை எவ்வளவு அடித்தது என்று தெரியும். இருந்தாலும் இந்த மனுவில் அது வேண்டாம். இந்த மண், இந்தத் தேதி, இந்த நிறுவனம். அவ்வளவுதான்.

"ஆறு எங்களுடையது" என்பதும் வேண்டாம். ஆற்றுப் படுகை புறம்போக்கு. பட்டா எங்கே என்ற முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். இன்ன இடத்தில், இன்ன முறைப்படி, தலைமுறையாக மீன் பிடிக்கிறோம் என்று சொல்லுங்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் எழுதி வைத்த பாடு நோட்டு இருந்தால் அதுதான் உங்கள் பெரிய ஆவணம். பழைய நோட்டுகளைத் தேடி எடுங்கள். எங்கே சேறு, எங்கே மணல், எந்தப் பருவத்தில் எந்த வழியாக இறால் ஏறும் என்பது பெரியவர்களுக்கு அத்துப்படி. அதை வரைபடத்தில் குறித்து, அவர்கள் பெயரிலேயே பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யுங்கள். நிபுணர் குழு ஒரு நாள் படகில் வந்து பார்ப்பதைவிட அதில் விவரம் அதிகம். மீனவர்களின் பொது இடங்களைக் கரையோர மேலாண்மை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) அறிவிக்கையே சொல்கிறது. உங்கள் பாடு இடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், 50 கோடி. இழப்பீடு கேட்டால் அதில் நூற்றுக்கு ஒன்று கட்டணம்; அதாவது 50 லட்சம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இழந்த தொழிலுக்குக் கணக்குப் போட்டு, நிரூபிக்க முடிந்த தொகையைக் கேளுங்கள்.

சரி, கம்பெனி ஆள் நீட்டும் பணம். அவர் தரும் ரசீதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கும். பத்து வீடு கையெழுத்துப் போட்டால் போதும், ஊரே ஒப்புக்கொண்டது என்று அதைத் தீர்ப்பாயத்தில் நீட்டுவார்கள். பாடு ஊர்ப் பொது உரிமை; அதைத் தனி ஆள் விட்டுக்கொடுக்க முடியாது என்று வாதாடலாம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவருடைய சொந்த இழப்பீடு அதோடு போய்விடும். தீபாவளிச் செலவு நெருக்கும்போதுதான் இந்த ஆட்கள் வருவார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, யாரும் தனியாகக் கையெழுத்திடுவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். குழாய் பதித்தாகிவிட்டது, அதைப் பிடுங்கச் சொல்லி எந்த உத்தரவும் வரப்போவதில்லை. வழக்கு இழுக்கும் ஒவ்வொரு பருவமும் உங்களுக்குத்தான் நஷ்டம். ஆனால் முதலில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள், பிறகு பேசுங்கள். நிறுவனம் தன் செலவில் மண்ணை அள்ளி ஆற்றைப் பழைய ஆழத்துக்குக் கொண்டுவருவது முதல் நிபந்தனை, பணம் அதற்கு அடுத்தது. அள்ளி முடிக்கும் தேதியோடு தீர்ப்பாயத்தின் உத்தரவாகவே அது பதிவாகட்டும். அங்கே கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பாடு நோட்டில் பெயர் இருக்காது. அவர்களையும் மனுதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு போங்கள்.