சாமந்தியா, பவளமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடல் வற்றிய நேரத்தில் ஆழமில்லாத நீரில் எடுத்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவது, மணல்மேல் தனியாகக் கிடந்தது. வட்ட வடிவம், நீளமான பழுப்பு நிற உணர்நீட்சிகள், வெளிறிய நுனிகள், நடுவில் ஒரே வாய். நான் கடல் சாமந்தி (பூப்போலத் தோன்றும் மெல்லுடல் கடல் விலங்கு, அனிமோன்) என்றேன். உடன் வந்தவர் பவளம் என்றார். இரண்டாவது, பாறை இடுக்கில் கொத்தாக இருந்தது. நுனிகள் உருண்டு உப்பியிருந்தன. தொடாமலே இவற்றைப் பிரித்தறிய வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் படத்தைப் பொறுத்தவரை உடன் வந்தவர் சொன்னதுதான் சரி. அது ஹீலியோஃபங்கியா ஆக்டினிஃபார்மிஸ். தனியாக வாழும் காளான் பவளம். பெயரின் பின்பாதிக்கே ‘சாமந்தி வடிவானது’ என்றுதான் பொருள். ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. குட்டியாக இருக்கும்போது காம்பால் ஒட்டியிருந்து, பிறகு உடைந்து விடுபட்டு மணலிலோ சிதைந்த பவளத் துண்டுகளிலோ கிடக்கும். எலும்புக்கூட்டுத் தட்டு சுமார் 20 செ.மீ. வரை வளரும்; சதை விரிந்தால் அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

உணர்நீட்சியின் நீளத்தையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது சதைக்கடியில் கல்போன்ற எலும்புக்கூடு இருக்கிறதா என்பதை. ஓர் அடி தூரத்திலிருந்து கையால் நீரை மெதுவாக விசிறுங்கள். ஹீலியோஃபங்கியாவின் உணர்நீட்சிகள் காற்றிறங்கியதுபோல் சுருங்கும்; ஆனால் வட்டம் குறையாது, வாயிலிருந்து விளிம்புவரை ஓடும் சுண்ணாம்புத் தகடுகள் சதைக்கடியில் வரிவரியாகத் தெரியும். சாமந்திக்கு உள்ளே எலும்புக்கூடு கிடையாது. அதன் வட்டத்தட்டே மடிந்து சுருங்கும். மணலில் வாழும் இனமென்றால் உள்ளே இழுத்துக்கொண்டு மறையவும் செய்யும். விரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பவளத்தின் சதை மிக மெல்லியது, அடியிலுள்ள கூரிய தகடே அதைக் கிழித்துவிடும்.

வாய்களை எண்ணுவது ஓரளவுக்குத்தான் உதவும். பல வாய்கள் ஒரே எலும்புக்கூட்டில் இருந்தால் பவளம் என்று சொல்லலாம். ஒரே வாய் இருப்பதால் சாமந்தி என்று சொல்ல முடியாது, உங்கள் முதல் படமே அதற்குச் சான்று.

இரண்டாவது படம்தான் சிக்கலானது. நுனி உப்பிய சாமந்தி என்டக்மியா குவாட்ரிகலர். ஆழம் குறைந்த இடங்களில் இது தன்னையே பிளந்து பெருகி, சிறு சாமந்திகளின் நெருக்கமான கூட்டமாக நிற்கும். பார்ப்பவர் பவளக் கூட்டம் என்றே நினைப்பார். உப்பலுக்கு மேல் சின்னக் கூர்முனை, அதன் கீழே வெளிறிய வளையம் இருக்கிறதா பாருங்கள். ஆனால் அதே விலங்கு சில நேரம் உப்பலே இல்லாமலும் இருக்கும், எனவே உப்பல் இல்லை என்று சாமந்தியைத் தள்ளிவிடக் கூடாது. உடல்தண்டு வழவழப்பாக, பாறை இடுக்கில் ஆழமாக ஒட்டியிருக்கும்.

இதோடு குழம்பக்கூடியவை யூஃபில்லியாவும் அதன் நெருங்கிய உறவுப் பவளங்களும். கிளாப்ரசென்ஸ் இனத்தின் உணர்நீட்சி குழாய்போல் நீண்டு, வேறு நிறக் குமிழில் முடியும். ஆங்கோரா இனத்தில் நுனி நங்கூரம் அல்லது சிறுநீரக வடிவம். டிவிசாவில் உணர்நீட்சியே கிளைவிடும். கடைசி இரண்டின் எலும்புக்கூடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், உயிரோடிருக்கும்போது உணர்நீட்சி வடிவம்தான் அடையாளம். சதைக்கு நடுவே எலும்புக்கூட்டின் கல்விளிம்பு தெரிந்தால் பவளம்தான், சந்தேகமே வேண்டாம். கோமாளி மீன் உள்ளே வசிக்கிறதென்றால் சாமந்தியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பவளத்தில் அது குடியேறுவது அபூர்வம். இறால்களை நம்பாதீர்கள், இரண்டிலும் இருக்கும்.

நீண்ட காம்பின் நுனியில் பூப்போல விரிபவை எதிர்ப்பட்டால் எண்ணிப் பாருங்கள். ஒரு பாலிப்பில் (பவளக் கூட்டத்தின் தனி உயிரி) 24 உணர்நீட்சிகள் இருந்தால் கோனியோபோரா, 12 என்றால் ஆல்வியோபோரா. இரண்டும் பகலிலேயே விரியும் கடின பவளங்கள். எட்டு மட்டும் இருந்து, ஓரத்தில் இறகுபோல் பிசிர் இருந்தால் அது மென்பவளக் குடும்பம், நம் கேள்விக்கு வெளியே. நேரில் எண்ணுவது வீண்வேலை: பாலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஆடும். தனித்து மேல்நோக்கி நிற்கும் ஒன்றை நெருங்கிப் படமெடுத்து, பெரிதாக்கி எண்ணுங்கள்.

மணலில் மரக்கிளைபோல் பிரிந்த உணர்நீட்சிகளோடு ஏதேனும் நின்றால் ஆராய்ச்சியை ஒத்திவைத்து விலகுங்கள். ஆக்டினோடென்ட்ரான் என்னும் அந்தச் சாமந்தி கடுமையாகக் கொட்டும்.

உங்கள் இரண்டாவது படம் நேர்மேலிருந்து எடுத்தது. அடிப்பகுதி முழுக்க மறைந்திருக்கிறது. அதனால் இப்போதைக்கு என்டக்மியா என்றோ யூஃபில்லியா என்றோ என்னால் சொல்ல முடியாது. அடுத்தமுறை மூன்று படங்கள் எடுங்கள்: முழு உருவமும் சுற்றுப்புறமும் தெரிய ஒன்று, நுனி மட்டும் தெளிவாக ஒன்று, நீரை விசிறிய பிறகு பக்கவாட்டில் அடிப்பகுதி தெரிய ஒன்று. அந்த மூன்றாவதை மட்டும் அனுப்பினாலும் போதும்.