வேளாண் கேள்வி - பதில்: நெல் இலையைக் கருக்கும் பாக்டீரியா

கேள்வி: காற்றோடு பெய்த மழைக்குப் பிறகு எங்கள் சம்பாப் பயிரின் இலைகள் நுனியிலிருந்து இரு ஓரமும் மஞ்சளாகி, வைக்கோல் போலக் காய்ந்து வருகின்றன. குலைநோய் என்று சொல்லிக் கடையில் கொடுத்த பூஞ்சாணக்கொல்லியை அடித்தும் நிற்கவில்லை. இது என்ன நோய், பயிருக்குள் எப்படிப் போகிறது?
- வாசகர், நன்னிலம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கே பொருந்துகின்றன. குலைநோயின் புள்ளி கண் வடிவில், நடுவே சாம்பல் நிறமாக இருக்கும். இதுவோ அலை அலையான விளிம்போடு இலை ஓரமாகக் கீழ்நோக்கி நீளும். ஐயம் தீர, பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் மூழ்கும்படி நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் அங்கிருந்து பால் கலங்கியது போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியாக் கூட்டம்தான். பூஞ்சாணக்கொல்லிக்கு இதன்மேல் வேலை இல்லை.

நோயை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா. இரவில் வேர் உறிஞ்சிய மிகுதி நீர், நெல் இலையின் ஓரத்திலும் நுனியிலும் உள்ள நுண்துளைகள் வழியே துளிகளாக வெளிவந்து நிற்பதை விடியற்காலையில் வரப்பில் நடப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பனித்துளி என்றே நாம் பலரும் எண்ணிக்கொள்கிறோம். மழைச்சாரலிலும் பாசன நீரிலும் வந்து சேரும் பாக்டீரியா அந்தத் துளியில் நீந்தி, துளி உள்ளிழுக்கப்படும்போது தானும் உள்ளே போய்விடுகிறது. காற்றில் இலைகள் உரசிக் கிழிந்த காயமும், நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுவதால் ஏற்படும் காயமும் அதற்கு இன்னும் எளிய வழிகள்.

உள்ளே அது தங்குமிடம் சைலம் எனப்படும் நீர்க்குழாய். அங்கே ஓடுவது பெரும்பாலும் நீரும் உப்புகளுமே என்பதால், கோடிக்கணக்கில் பெருகுவதற்கு வேண்டிய சர்க்கரை அதில் இல்லை. ஆகவே பாக்டீரியா ஊசி போன்றதொரு நுண்குழாயின் வழியே தன் புரதங்களை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை உட்கருவை அடைந்து, சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ‘ஸ்வீட்’ வகை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. வீட்டுக்காரர் கையாலேயே குதிரின் அடிவாயைத் திறக்க வைக்கும் திருடனின் வேலை இது. இவ்வாறு கிடைத்த சர்க்கரையில் பெருகும் பாக்டீரியாக்களும், அவை சுரக்கும் பிசின் போன்ற பொருளும் நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்ள, இலை நீரின்றிக் கருகுகிறது. அதிகாலையில் நோயுற்ற இலையில் கசியும் பால் நிறத் துளி, வெயில் ஏறியதும் மஞ்சள் மணியாகக் காய்ந்து, அடுத்த மழையில் கரைந்து பக்கத்துப் பயிருக்குப் போகிறது.

ஜப்பானில் ஃபுகுவோகாப் பகுதி உழவர்கள் 1884ஆம் ஆண்டிலேயே இந்நோயைக் கண்டிருக்கிறார்கள். மண்ணின் அமிலத்தன்மைதான் காரணம் என்று அங்கே நெடுநாள் நம்பினார்கள்; 1909இல்தான் இலையின் கலங்கிய துளிகளுக்குள் பாக்டீரியாத் திரள் இருப்பது கண்டறியப்பட்டது.

கேள்வி: இலை மஞ்சளானதால் சத்துக் குறைவு என்று யூரியா தூவினேன். நோய் கூடிவிட்டதே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கூடத்தான் செய்யும். தழைச்சத்து மிகுந்த பயிரில் இலை மென்மையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து, ஈரம் உலராமல் நிற்கிறது. நோய் அடங்கும்வரை யூரியா மேலுரத்தை நிறுத்துங்கள். பின்னர் இடும்போதும் பிரித்துப் பிரித்து இடுங்கள். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்ச வேண்டாம். புதிய சாணத்தைக் கரைத்து வடிகட்டிய 20 சதவீதக் கரைசலை, நோய் தென்பட்டதும் ஒரு முறையும் இரு வாரம் கழித்து மறுமுறையும் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை வயலில் தெளிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அவை மனிதருக்கும் வேண்டிய மருந்துகள், வயலில் பழகிய பாக்டீரியா அவற்றுக்கு அடங்காமல் போகும்.

கேள்வி: நட்ட சில வாரங்களிலேயே தூர்கள் முழுதாக வாடிச் சாகின்றன. குருத்துப்பூச்சியா, இதே நோயா?
- வாசகர், சீர்காழி

பதில்: நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள். எளிதில் உருவி வந்து, அடியில் புழு கடித்த தடம் இருந்தால் குருத்துப்பூச்சி. உருவாமல், தண்டின் அடியை வெட்டிப் பிதுக்கும்போது மஞ்சள் நிறக் கசிவு வந்தால் இதே பாக்டீரியாதான். இளம்பயிரில் தாக்கும் இந்தக் கடுமையான நிலைக்கு இந்தோனேசியாவில் ‘கிரெசெக்’ என்று பெயர்.

கேள்வி: ஆந்திரா பொன்னிதான் எங்களுக்குக் கட்டுபடியாகிறது. அதையே நோய் தாங்கும்படி பெற முடியுமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: முடியும். ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, இந்நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இணைந்து, அரிசியின் தரம் கெடாமல் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அதில் சேர்த்து, ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’யை 2008இல் வெளியிட்டன. சேர்த்தது மரபணு மாற்றத்தால் அன்று, கலப்பினத் தெரிவு முறையால். மூன்றில் எக்ஸ்ஏ21 என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. பாக்டீரியாவின் வரவைச் செல்லின் மேற்பரப்பிலேயே உணர்ந்து எதிர்ப்பைக் கிளப்புகிறது. எக்ஸ்ஏ13 செய்வது வேறு: முதல் பதிலில் சொன்ன ‘ஸ்வீட்’ மரபணு ஒன்றின் முன்பகுதி இதில் மாறியிருப்பதால், பாக்டீரியாவின் புரதம் அங்கே ஒட்ட இடமின்றிப் போகிறது, சர்க்கரையும் வெளியேறுவதில்லை. ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் பாக்டீரியா மாறி வந்து முறியடித்துவிடும் என்பதாலேயே மூன்றையும் ஒன்றாகக் கோத்தார்கள். விதை வாங்கும்போது ‘ஆர்.பி. பயோ 226’ என்ற ரகப்பெயர் சான்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.