வாசகர் கேள்வி – பதில்: கிளிக்குக்குக் காசு உண்டு, வந்த வழிக்குக் கணக்கு இல்லை

கேள்வி: படுக்கை விரிப்பு, திரைச்சீலை தயாரித்து விற்கிறோம். கூகுள் தேடல் விளம்பரத்துக்கு மாதம் 15,000 ரூபாய் செலவிடுகிறோம். சில மாதங்களாகக் கிளிக்குகள் கூடியிருக்கின்றன. ஆனால் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ விசாரிப்பவர்கள் கூடவில்லை. பாதிக்கு மேற்பட்ட கிளிக்குகள் ‘தேடல் கூட்டாளிகள்’ வழியாக வந்ததாக அறிக்கை காட்டுகிறது. யார் இந்தக் கூட்டாளிகள்? (ஜவுளி உற்பத்தியாளர், கரூர்)

பதில்: தேடல் விளம்பரத்தைத் தொடங்கும்போது, கூட்டாளித் தளங்களிலும் விளம்பரம் வரட்டுமா என்று கேட்கும் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருக்கும், பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். யூடியூப் போன்ற கூகுளின் சொந்தத் தளங்களும், கூகுளின் விளம்பரங்களைத் தம் தேடல் பக்கத்தில் வைத்திருக்கும் பிறருடைய தளங்களும் இந்தக் கூட்டணியில் அடக்கம். பிறர் தளத்தில் ஒரு கிளிக் விழுந்தால், நீங்கள் கட்டும் காசில் ஒரு பங்கு அந்தத் தளத்துக்காரருக்குப் போகிறது. சிக்கல் இந்தப் பங்கில்தான் தொடங்குகிறது.

சொந்த வாசகர்கள் உள்ள தளத்தில் ஒருவர் ‘பருத்தி பெட்ஷீட் மொத்த விலை’ என்று தாமே தேடி உங்களிடம் வந்தால் அந்தக் கிளிக்குக்கு மதிப்புண்டு. வாசகரே இல்லாத தளமோ, வேறிடத்தில் மலிவான விளம்பரம் கொடுத்து ஆட்களை இழுத்துவந்து, ‘தொடர்புடைய தேடல்கள்’ என்று நாலைந்து இணைப்புகளை அவர்கள் முன் வைக்கிறது. வந்தவர் அவற்றில் ஒன்றைத் தொட்டால், அதையே அவர் தேடியதாகக் கொண்டு உங்கள் விளம்பரம் தோன்றுகிறது. மலிவாக வாங்கிய ஆளை விலை கூட்டி உங்கள் தலையில் கட்டும் இந்த வியாபாரத்தில் கிளிக் செய்தவர் உண்மையான மனிதர்தான்; பெட்ஷீட் வாங்க வந்தவர் அல்லர், அவ்வளவே. மோசடி என்றதும் நாம் தானியங்கி நிரல்களையே நினைக்கிறோம். அவற்றுக்காவது வடிகட்டி இருக்கிறது. இந்த வகைக் கிளிக்கோ பெரும்பாலும் செல்லுபடியான கிளிக்காகவே உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது.

எந்தெந்தத் தளங்கள் என்ற கேள்விக்கு, நெடுங்காலம் கூகுளின் அறிக்கை எல்லாக் கூட்டாளிகளையும் ஒரே வரியில் அடக்கிவிட்டது. 2023 நவம்பரில் அடாலிட்டிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், பெரிய நிறுவனங்களின் தேடல் விளம்பரங்கள் ஆபாசத் தளங்களிலும், அமெரிக்கத் தடைக்கு உள்ளான ஈரானியத் தளங்களிலும் தோன்றியதாக அறிக்கை வெளியிட்டது. மிகைப்படுத்திய அறிக்கை என்று கூகுள் மறுத்தது. ஆயினும், அதுவரை விலக வழியில்லாதிருந்த ‘பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்’ (எங்கே காட்டுவது என்பதைக் கூகுளே தானியங்கியாக முடிவு செய்யும் விளம்பர வகை) விளம்பரதாரர்களும் கூட்டாளித் தளங்களைத் தவிர்க்க 2024 மார்ச் 1 வரை அனுமதித்தது. அதன் பிறகு தளவாரியான பட்டியலையும் படிப்படியாகத் திறந்தது. அதில் எந்தத் தளத்தில் எத்தனை முறை விளம்பரம் காட்டப்பட்டது என்பது தெரிகிறது. அங்கே உங்கள் காசு எவ்வளவு போனது என்பது தெரிவதில்லை. மைக்ரோசாஃப்டின் விளம்பரச் சேவையில் தளவாரியாகக் கிளிக்கும் செலவும் பார்க்கக் கிடைக்கின்றன, வேண்டாத தளத்தை விலக்கவும் முடிகிறது. ஆகவே, இதைத் தொழில்நுட்பத்தால் இயலாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் நிலையில் நான் அந்த டிக்கை இன்றே எடுத்துவிடுவேன். பிறகு வாட்ஸ்அப் பொத்தானையும் தொலைபேசி எண்ணையும் தொடுபவர்கள் தனியே பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் எந்த வழியில் வந்த கிளிக்கையும் எடைபோட முடியாது. சிலருக்குக் கூட்டாளித் தளங்களிலிருந்து நல்ல விசாரணைகள் குறைந்த செலவில் வருவதுண்டு. ஓரிரு மாதங்கள் கழித்துச் சிறு தொகையோடு திரும்பச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. இடத் தேர்வையும் ஒருமுறை பாருங்கள்: தமிழ்நாட்டில் ‘இருப்பவர்கள்’ என்று மாற்றாவிட்டால், தமிழ்நாட்டில் ‘ஆர்வம் உள்ளவர்கள்’ என்ற பெயரில் வேறெங்கோ இருப்பவர்களும் உள்ளே வருவார்கள்.

கேள்வி: போட்டி நிறுவனம் வேண்டுமென்றே எங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்வதாகச் சந்தேகிக்கிறோம். பணம் திரும்பக் கிடைக்குமா? (சுற்றுலா முகவர், மதுரை)

பதில்: கிடைக்கலாம், ஆனால் எது செல்லாத கிளிக், அதாவது காசு எடுக்கக் கூடாத கிளிக், என்று தீர்ப்பளிப்பவரும், அந்தக் கிளிக்குக்குக் காசு வாங்கியவரும் ஒருவரே: கூகுள். இந்த மனக்குறை பழையது. 2005-இல் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கூகுள் உள்ளிட்ட தேடல் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. 2006-இல் கூகுள் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் கட்டணம் போக விளம்பரதாரர்களுக்குக் கிடைத்தது ரொக்கம் அன்று, மேலும் விளம்பரம் செய்வதற்கான வரவு. அவ்வழக்குக்காகக் கூகுளின் நடைமுறையை ஆராய்ந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின், அதன் முயற்சிகள் நியாயமானவை என்றே எழுதினார். அதே அறிக்கையில், 2005 தொடக்கம்வரை ஒருவர் அடுத்தடுத்து இரட்டைக் கிளிக் செய்தால் இரண்டுக்குமே காசு எடுக்கப்பட்டது என்ற செய்தியும் இருக்கிறது. செல்லாத கிளிக்கின் இலக்கணத்தை முழுதும் வெளியிட்டால் மோசடிக்காரர் அதற்கேற்பத் தப்பித்துக்கொள்வார், வெளியிடாவிட்டால் விளம்பரதாரர் தம் கட்டணத்தைச் சரிபார்க்க முடியாது என்று அவர் சுட்டிய முடிச்சு இன்றும் அவிழவில்லை.

உங்கள் விளம்பரக் கணக்கின் அறிக்கையில் ‘செல்லாத கிளிக்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்தால், கூகுள் தானாகவே கழித்தவை தெரியும். அதற்கு மேலும் ஐயமிருந்தால், கடந்த 60 நாள்களுக்குள் நடந்ததைப் பற்றி மட்டுமே விசாரணை கேட்கலாம். உங்கள் தளத்தின் சர்வர் பதிவிலிருந்து தேதி, நேரம், ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), விளம்பர இணைப்பின் வாலில் வந்து ஒவ்வொரு கிளிக்கையும் அடையாளம் காட்டும் ‘ஜிகிளிட்’ (gclid) குறியீடு ஆகியவற்றை எடுத்து இணையுங்கள். போட்டியாளரின் ஐபி முகவரியைத் தடுக்கும் வசதியும் உண்டு. மொபைல் இணையத்தில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால், அவரோடு சேர்த்து உங்கள் வாடிக்கையாளரையும் தடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: ஒரு விளம்பர முகமை, மிகக் குறைந்த விலையில் ஆயிரக்கணக்கான கிளிக்குகள் தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா? (பயிற்சி மைய உரிமையாளர், கோயம்புத்தூர்)

பதில்: விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்குமா, அதற்குள் நீங்களே நுழைந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றாலோ, மாதக் கடைசியில் பிடிஎஃப் அனுப்புகிறோம் என்றாலோ, பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.