பலகையில் நிற்கிற கால்: கேட்டதும் சொன்னதும்

போன கிழமை, சர்ஃபிங் (பலகையில் நின்று அலையில் சறுக்குவது) பழகுகிற ஆட்கள் கால் பற்றி ஏதாவது கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிசியோதெரபி வேலை, வீடு திருகோணமலை உப்புவெளி, கொஞ்சம் சர்ஃபிங்கும் பழக்கம். வந்தவற்றில் சிலது.

கேள்வி: அண்ணா, ஜிம்மில் 100 கிலோ ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து இருந்தெழும்புவது) அடிக்கிறேன். பலகையில் 2 செக்கன் நிற்க முடியவில்லை. ஏன்?

தம்பி, தொடையில் பிழை இல்லை. ஜிம்மில் தரை அசையாது, நீங்கள்தான் அசைகிறீர்கள். இங்கே எல்லாம் தலைகீழ். சின்ன ஆட்டத்தைக் கணுக்கால் சரிசெய்யும், அது போதாவிட்டால் இடுப்பு வேலைக்கு வரும், தொடைத் தசை முழங்காலை மடக்கிய நிலையில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பயத்தில் காலை விறைக்க வைத்தால் கணுக்காலுக்கு வேலை செய்ய இடமே இல்லை. அப்புறம் இன்னொன்று, புதிதாகப் பழகுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் முழங்காலை நேராக வைத்துக்கொண்டு நாரியை (இடுப்பை) மடக்குவார்கள், பின்பக்கம் வெளியே தள்ளி நிற்கும், அடுத்த நொடி தண்ணீருக்குள். முழங்கால் மடங்கட்டும், பின்கால் முழங்கால் கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பட்டும், கண் காலைப் பார்க்காமல் போகிற திசையைப் பார்க்கட்டும்.

கேள்வி: எந்தக் கால் முன்னுக்கு?

யாராவது பின்னாலிருந்து தள்ளினால் எந்தக் கால் முதலில் போகிறதோ, அநேகமாக அது. பெரும்பாலானோருக்கு இடது.

கேள்வி: அப்பா வள்ளத்தில் நின்றபடியே வலை இழுப்பார், விழுந்ததே இல்லை. அவர் பலகையில் ஏறினால் நிற்பாரா?

நல்ல கேள்வி, நானும் யோசித்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் முழங்கால் தானாக இளகிக் கொடுக்கும், அதை நான் எவருக்கும் ஒரு மாதத்தில் பழக்க முடியாது. ஆனால் அணியத்தை (வள்ளத்தின் முன்முனையை) பார்த்து நிற்கும்போது வள்ளம் இடமும் வலமும் சாயும், எடை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் போகும். பலகையில் பக்கவாட்டாக நிற்கிறோம், அதே சாய்வு இங்கே கால்விரல் நுனிக்கும் குதிக்காலுக்கும் இடையில் வரும். அதனால் கெண்டைக்கால் தசையும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்புக்குப் பக்கத்துத் தசையும் மாறி மாறி இழுக்க வேண்டும். முதல் நாள் அவரும் விழுவார், ஆனால் உங்களை விடக் குறைவாக.

கேள்வி: அறுகம்பைக்குப் போய் 2 மணித்தியாலம் கடலில் இருந்தேன், நொந்தது தோள்தான். கால் பழகவே இல்லையா?

உண்மைதான். கடலில் பாதி நேரம் கையால் துடுப்புப் போடுவதிலேயே போகும், மீதியில் அலைக்குக் காத்திருப்பு. நிற்பது பத்தில் ஒரு பங்கு கூட வராது. காலைக் கரையில்தான் பழக்க வேண்டும்: வெறுங்காலோடு மணலில் ஒற்றைக்காலில், பிறகு கண்ணை மூடி. மூடினதும் ஆடுவீர்கள், பார்வை போய்விட்டது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் பாதமும் மட்டும்தான் மிச்சம்.

கேள்வி: கணுக்கால் சுளுக்கி 3 கிழமை, நோ இல்லை. இறங்கலாமா?

தங்கச்சி, நோ போனால் கால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சுளுக்குக்குப் பிறகு வெளிப்பக்கத் தசை பிந்தித்தான் விழித்துக்கொள்ளும். சுளுக்கின காலில் மட்டும் நின்று பாருங்கள், மற்றக் காலைவிட அதிகமாக ஆடினால் இன்னும் பொறுங்கள்.