மாற்றுப் பம்பு ஏன் ஓடவில்லை?

கேள்வி: எங்கள் ஆலையின் குளிர்நீர்ச் சுற்றில் ஒரு பம்பு ஓட, இன்னொன்று தயார்நிலையில் நிற்கும். அண்மையில் ஓடும் பம்பு பழுதானபோது, தானாக ஓடியிருக்க வேண்டிய மாற்றுப் பம்பு ஓடவில்லை. மூன்றாவதாக ஒன்றை வாங்கிவைக்கலாமா?

பதில்: அதற்கு முன், இரண்டாவது பம்பு கடைசியாக எப்போது நல்ல நிலையில் இருந்தது என்பதைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஓடும் பம்பு கெட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். நிற்கும் பம்பின் பழுதோ, அது தேவைப்படும் நாள்வரை மறைந்தே கிடக்கும். சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் பம்பை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சோதித்தால், ஒரு பழுது சராசரியாக ஆறு மாதம் யாருக்கும் தெரியாமல் இருக்கும். ஆகவே தேவைப்படும்போது அது ஓடாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 20-இல் 1. மாதந்தோறும் சோதித்தால் இதுவே 240-இல் 1 ஆகக் குறையும்.

சோதிக்கும் விதமும் முக்கியம். பொத்தானை அழுத்தி ஓட்டிப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே உறுதியாகும். உற்பத்தி பாதிக்காத நேரத்தில், பக்கத்தில் ஆளை நிறுத்திக்கொண்டு, ஓடும் பம்பை நிறுத்துங்கள். அழுத்தம் குறைவதை உணர்ந்து மாற்றுப் பம்பு தானாகவே ஓடத் தொடங்குகிறதா, நின்ற பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடி, நீர் அதன் வழியே திரும்பிப் போகாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புக்குப் பின் தேர்வுச் சுவிட்ச் 'ஆட்டோ'வுக்குத் திருப்பப்படாமல் 'மேனுவல்' நிலையிலேயே விடப்பட்டிருப்பதும் அடிக்கடி நேர்வதுதான். நான் முதலில் பார்க்கும் இடம் அதுவே.

அடுத்து, இரண்டு பம்புகளுக்கும் பொதுவாக உள்ளவற்றைப் பட்டியலிடுங்கள்: மின்பலகை, அழுத்த உணர்வி, உறிஞ்சு குழாயின் ஸ்ட்ரெய்னர் (குப்பையைத் தடுக்கும் வடிகட்டி). 1996 ஜூன் 4 அன்று முதன்முறை ஏவப்பட்ட ஏரியான் 5 ராக்கெட்டில் நிலையறியும் கருவிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள் இருந்ததால், எண்ணை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றுகையில் நேர்ந்த ஒரே பிழையில் முதலில் மாற்றுக் கருவியும், ஒரு நொடிக்குள் பிரதானக் கருவியும் செயலிழந்தன. புறப்பட்ட ஏறத்தாழ 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. அடைத்துக்கொண்ட ஒரே ஸ்ட்ரெய்னரின் பின்னால் மூன்று பம்புகள் நின்றாலும் நீர் வராது.

இரு பம்புகளையும் சம நேரம் ஓட்டும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே காலத்தில் தேய்ந்துவிடும். ஒன்றை மூன்று வாரமும் மற்றதை ஒரு வாரமும் ஓட்டினால் தேய்மானம் வேறுபடும். நீண்ட நாள் அசையாமல் நிற்கும் பம்பின் பேரிங்குகளில் பக்கத்துப் பம்பின் அதிர்வு ஏற்படுத்தும் சேதமும் இதனால் குறையும். இவற்றையெல்லாம் செய்தபின்னும் மூன்றாவது பம்பு தேவை என்று தோன்றினால், தனி மின்னிணைப்பும் தனி உணர்வியும் தனி உறிஞ்சு குழாயும் கொடுத்தே அதை நிறுவுங்கள்.