பறவை நாய்க்குட்டி வளர்ப்பு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சிப் பக்கங்களில் பொயின்ரர், ஸ்பானியல் போன்ற பறவை நாய்களை, அதாவது பறவையை மணத்தால் கண்டுபிடிக்கும் வேட்டை நாய்களை, வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கும், கனடாவிலிருந்து வந்த ஒரு கேள்விக்கும், இந்நாய்களை நெடுங்காலமாக இனப்பெருக்கம் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே கருத்துடைய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மல்லாவியிலிருந்து: ஐயா, பொயின்ரர் குட்டியொன்றை வாங்கிக் காட்டுக்கோழிக்கும் கவுதாரிக்கும் பழக்க விரும்புகிறேன். இங்கு எந்த இனம் பொருந்தும்?

தம்பி, காட்டுக்கோழியையோ, கவுதாரியையோ, குளத்துத் தாராவையோ வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். காட்டுக்கோழி நம் நாட்டின் தேசியப் பறவையுங்கூட. ஆகவே அந்த நோக்கத்துக்காகக் குட்டி கேட்பவர்களுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை. ஆயினும் இந்நாய்களின் மூக்கும் ஒழுங்கும் துவக்கு இல்லாமலே முழுமையாக வளரக்கூடியவை. வீட்டுப் புறாவைக் கொண்டு அவற்றைப் பழக்கும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பொயின்ரரும் செற்றரும் பறவையின் மணம் பட்டதும் அசையாமல் நின்று இடத்தைக் காட்டுபவை. ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்புவது. லப்ரடோர் விழுந்ததை எடுத்து வருவது. ஐரோப்பாவின் குளிரில் உருவான இனங்கள் இவை என்பதால், நம் வெயிலையும் பற்றைக்காட்டையும் வைத்தே தெரிவு செய்யவேண்டும். செற்றரின் நீண்ட மயிரில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் ஏறிவிட்டால் மாலை முழுவதும் அவற்றைப் பிடுங்குவதிலேயே கழியும். புல்முள் காதுக்குள்ளோ விரலிடுக்கிலோ இறங்கிச் சீழ் கட்டுவதும் உண்டு. குறுமயிருள்ள பொயின்ரரே இங்கு பொருத்தம் என்பது என் முடிவு.

ஒட்டுசுட்டானிலிருந்து: எங்கள் பெட்டைக்குப் பதினொரு மாதம். முதல் வேட்கை வந்திருக்கிறது. இப்போதே இணை சேர்க்கலாமா?

வேண்டாம். அதன் உடல் இன்னும் வளர்ந்து முடியவில்லை, குணமும் நிலைக்கவில்லை. இடுப்பு மூட்டின் குறைபாட்டை எக்ஸ்ரேயில் உறுதியாகப் பார்ப்பதற்கே இரண்டு வயது ஆகவேண்டும் என்பதால், அதற்கு முன் இணை சேர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிறார் என்றே சொல்வேன். நம்மவர்கள் ஆண் நாயின் பெயரையும் விலையையும் மட்டுமே விசாரிக்கிறார்கள். ஆனால் குட்டிகள் முதல் எட்டு வாரமும் பார்த்து வளர்வது தாயைத்தான். வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே ஒளிகிற பெட்டையிடம் துணிவுள்ள குட்டியை எதிர்பார்ப்பது வீண்.

பொதுவாக இரத்தம் தென்பட்ட பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில், கசிவு வெளிறி, பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்கும். அப்போது ஒருநாள் இடைவெளி விட்டு இருமுறை சேர்த்தால் போதும். இணைந்தபின் இரண்டும் பிரியாமல் அரைமணி நேரம் வரையும் நிற்கக்கூடும்; இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம் ஏற்படும்.

பாண்டியன்குளத்திலிருந்து: குட்டி போடும் வேளையில் எதைக் கவனிக்கவேண்டும்? சினைக்காலத்தில் கல்சியம் கொடுப்பது நல்லதா?

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடே போதும். அதன்பின் சிறிது சிறிதாகக் கூட்டி, பால் கொடுக்கும் காலத்தில் இரண்டு, மூன்று மடங்கு கொடுக்கவேண்டியிருக்கும். கல்சியம் மாத்திரையைச் சினைக்காலத்தில் கொடுக்கவேண்டாம். கொடுத்தால், எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் இயல்பு மந்தமாகி, பால் சுரக்கும் நாள்களில் இரத்தத்தில் அது திடீரெனக் குறைந்து, தாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 பாகைக்கு மேல் இருந்த உடல்வெப்பம் 37.2க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதற்குட்டிக்கு முன்பே பச்சைநிறக் கசிவு கண்டாலும், மிருக வைத்தியரை உடனே அழையுங்கள். ஈன்ற முதல் வாரத்தில் குட்டியால் தன் உடலைத் தானே சூடாக வைத்திருக்க முடியாது. மார்கழி மழையில் சிமெந்துத் தரை எவ்வளவு குளிரும் என்பது வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். சாக்கு, பழந்துணி விரித்த பலகைப் பெட்டி அவசியம். குட்டி போடுவதற்கு வசதியான காலம் தை, மாசி. வேட்கை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாவிட்டாலும், எந்த வேட்கையில் சேர்ப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

வவுனியாவிலிருந்து: தாய் இறந்துவிட்டது. குட்டிகளுக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

பசும்பாலில் கொழுப்பும் புரதமும் நாய்ப்பாலைவிட மிகக் குறைவு, வயிற்றோட்டமும் வரும். நாய்க்குட்டிக்கான பால்மாவை வாங்குங்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டாமல், முதலில் அதைச் சூடாக்குங்கள். குப்புற வைத்தே ஊட்டவேண்டும்; மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மாங்குளத்திலிருந்து: குட்டிகள் நன்றாகக் குடிக்கின்றன, ஆனாலும் மெலிகின்றன, ஈறும் வெளிறியிருக்கிறது.

கொக்கிப் புழுவாக இருக்கக்கூடும். அது தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய் இரத்தத்தை உறிஞ்சும். இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, பால்குடி மறக்கும்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை தாய்க்கும் சேர்த்தே கொடுக்கவேண்டும். ஈறு இவ்வளவு வெளிறியபின் மருந்து மட்டும் போதாமல் போகலாம். இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணியும் இரத்தம் குடிப்பதோடு காய்ச்சலையும் பரப்பும். ஆனால் மாட்டுக்கு ஊற்றும் உண்ணி மருந்தைக் குட்டிக்குப் பூசுவது உயிருக்கே ஆபத்து. வயற்கரையில் ஓடும் நாய்க்கு, பார்வோ என்ற வைரசு வயிற்றோட்ட நோய், விசர்நாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போடுவது நல்லது.

நெடுங்கேணியிலிருந்து: பறவைப் பழக்கத்தை எந்த வயதில், எப்படித் தொடங்குவது?

ஏழாம், எட்டாம் வாரத்தில் தூண்டில் தடியின் நுனியில் புறாச்சிறகைக் கட்டிக் குட்டியின் முன்னே ஆட்டிப் பாருங்கள். முதலில் துரத்தும், பிடிக்க விடாதீர்கள். துரத்தி எட்டாதென்று கண்டதும் சட்டென நின்று, ஒரு முன்காலை மடக்கி, வாலை நீட்டிச் சிறகையே பார்க்கும். பரம்பரையில் இருப்பது அந்த நொடியில் தெரிந்துவிடும். அதோடு நிறுத்துங்கள்; பார்க்கிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினால், குட்டி மூக்கை விட்டுக் கண்ணால் வேட்டையாடப் பழகிவிடும்.

நான்கைந்து மாதத்தில், கூட்டுக்குத் திரும்பப் பழகிய உங்கள் புறாவொன்றைக் கூடையில் வைத்துப் புல்லுக்குள் மறையுங்கள். மூடியில் ஒரு நூல் இருக்கட்டும். நீண்ட கயிற்றில் கட்டிய குட்டியைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவாருங்கள்; சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு நோக்கி நடந்தால் மணம் நேரே முகத்துக்கு வரும். குட்டி நின்றதும் கயிற்றை இறுக்கி, "நில்" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். பாய்ந்தால் அக்கணமே நூலை இழுத்துப் புறாவைப் பறக்கவிடுங்கள். பாய்ந்தால் பறவை போய்விடும் என்பதைப் புறாவே அதற்குக் கற்பிக்கும். விடியற்காலையில், பனி காயுமுன் செய்யுங்கள். ஆவணி வெயிலில் பத்து மணிக்கு மணமும் நில்லாது, நாயும் நில்லாது.

கனடா, ஒன்ராரியோவிலிருந்து: எனக்கு வேட்டை உரிமம் உண்டு. குட்டிக்கு வெடிச்சத்தம் பழக்குவது எப்போது?

பறவையைத் துரத்துவதில் குட்டி தன்னை மறந்து ஓடத் தொடங்கிய பிறகுதான். அவ்வேளையில் தொலைவிலிருந்து சிறிய சத்தத்தோடு தொடங்கி, குட்டி திரும்பிப் பாராதவரை மட்டும் நெருங்கி வாருங்கள். துப்பாக்கி பழகும் இடத்துக்குக் குட்டியைக் கூட்டிச்சென்று "பழகட்டும்" என்று கட்டிவைப்பவர்கள் நல்ல நாய்களைக் கெடுத்திருக்கிறார்கள். இங்கே கோயில் திருவிழா வாணமும் அதே கேட்டைச் செய்யும்.

துணுக்காயிலிருந்து: காட்டோரம் அவிழ்த்துவிட்டு ஓடப் பழக்கலாமா?

கூடாது. பன்றிக்கு வைத்த சுருக்கும், கட்டுத்துவக்கும், இறைச்சிக்குள் வைத்த வாய்வெடியும் நாயை அறியாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தின் பக்கமே போகவேண்டாம். குளக்கரையில் முதலைக்கும், சருகுக்குள் கண்ணாடிப் புடையனுக்கும் முதலில் அகப்படுவது மூக்கைத் தாழ்த்தி ஓடும் நாய்தான். அறுவடை முடிந்த சொந்த வயலே தகுந்த இடம்.

மன்னாரிலிருந்து: குட்டிகளை ஆறாம் வாரத்திலேயே கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

எட்டு வாரம் முடியுமுன் கொடுக்காதீர்கள். கடிக்கும் வேகத்தை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றோடு விளையாடும் அந்தக் கடைசி இரண்டு வாரங்களில்தான். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும், பூச்சி மருந்து கொடுத்த தேதிகளையும், அதுவரை தின்றுவந்த சாப்பாட்டில் ஒரு வாரத்துக்குப் போதுமானதையும் சேர்த்தே கொடுங்கள்.